எச்சரித்து அனுப்பினேன்

நான் 1988-இல் இரண்டாம் நிலைக் காவலராக வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருடம் ஜூலை 1-ஆம் தேதி, இன்றைக்கும் நடப்பில் இருக்கிற மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தது. ஏட்டு ஆனேன். 25 வருடம் முடிந்ததும் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆனேன். எல்லாம் தென்மாவட்டங்களில்தான்; சின்ன ஊர்கள், ஒரு நகரம், நடுவில் நான்கு வருடம் போக்குவரத்துப் பிரிவு. போன வருடம் ஓய்வு பெற்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் வேலையில் பாதி நாட்கள் சாலையோரத்தில் கையைக் காட்டி வண்டி நிறுத்தியதிலேயே போயிருக்கும்.

நிறுத்திய வண்டியை மூன்று விதமாகக் கையாளலாம். அபராதம் போடலாம். வண்டியைப் பிடித்து வைக்கலாம். 'இனிமே இப்படி வராதீங்க' என்று சொல்லி அனுப்பலாம். முதல் இரண்டுக்கும் சட்டத்தில் பிரிவு உண்டு, படிவம் உண்டு, ரசீது உண்டு. மூன்றாவதற்கு எதுவும் கிடையாது. ஆனால் நான் அதிகம் செய்தது அந்த மூன்றாவதைத்தான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் வண்டியை எடுக்கிற அதிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களில் பலருக்கும், எங்கள் ஆட்களில் பலருக்கும்கூட, அது எதுவரை போகும் என்று தெரியாது. சீருடையில் இருக்கிற காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும், அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு. வண்டியையே பிடித்து வைப்பது 207-வது பிரிவு. பதிவு செய்யாத வண்டி, லைசென்ஸ் இல்லாதவரோ வயது வராதவரோ ஓட்டுகிற வண்டி, பர்மிட் இல்லாமலோ பர்மிட்டில் சொன்ன தடத்தை விட்டோ ஓடுகிற வண்டி. அந்தப் பிரிவு சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான். ஹெல்மெட் போடவில்லை என்பதற்காக வண்டியை எடுக்க அதில் இடமில்லை. சிக்னலைத் தாண்டியதற்கும் இல்லை. போதையில் ஓட்டியவரைக் கைது செய்தால் அவருடைய வண்டியை என்ன செய்வது என்பதை 202-வது பிரிவு பார்த்துக்கொள்கிறது. விபத்து வழக்கு என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா.

சாவியை எடுப்பது பற்றி எந்தப் பிரிவிலும் ஒரு வார்த்தை கிடையாது. நானும் எடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த ஒரு பைக்கில் கையை நீட்டிச் சாவியை உருவினேன். என்ஜின் அணைந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா ரோட்டில் விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "நிப்பாட்டுங்கன்னு சொன்னா நிப்பாட்டியிருப்போம்லா" என்றார். அதற்குப் பிறகு நான் யார் சாவியிலும் கை வைக்கவில்லை.

2010 வாக்கில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது நான் ஏட்டு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் எல்லையில் வாகனத் தணிக்கை. கேஸ் எண்ணிக்கை போதவில்லை என்று அன்றைக்கு மைக்கில் இரண்டு முறை சத்தம் வந்திருந்தது. வாழை இலைக்கட்டு ஏற்றிய குட்டியானை ஒன்று வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். லைசென்ஸ் காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. மற்ற பேப்பர்கள் எல்லாம் சரி. மறுநாள் முகூர்த்தம், மூன்று கல்யாண மண்டபத்துக்கு இலை போக வேண்டும். "ஏட்டையா, இலைய மட்டும் இறக்கிட்டு நானே வண்டியக் கொண்டாந்து விடுதேன்" என்று கும்பிட்டார். நான் எஸ்.ஐ. முகத்தைப் பார்த்தேன். அவர் முடியாது என்று தலையாட்டினார். வண்டி நிலையத்துக்கு வந்தது.

சனி, ஞாயிறு ஆர்.டி.ஓ. அலுவலகம் கிடையாது. லைசென்ஸைப் புதுப்பித்து, அபராதம் கட்டி, விடுவிக்கச் சொல்லும் உத்தரவை வாங்கிக்கொண்டு அவர் வருவதற்கு 12 நாள் ஆனது. அன்றைய சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். 12 நாளும் காலையில் ஸ்டேஷன் வாசலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் இலைக்கட்டுகளிலிருந்து கறுத்த தண்ணீர் பின்பலகை வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. பாரா நின்ற பையன் நாற்றம் தாங்கவில்லை என்று சொன்ன பிறகுதான் கட்டுகளை இறக்கச் சொன்னோம். அவரேதான் இறக்கினார். ஒவ்வொரு கட்டாகத் தோளில் வைத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். மாடுகள்கூட நடுக்கட்டைத் தின்னவில்லை, அவ்வளவு அழுகியிருந்தது. மண்டபக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். டியூ கட்டவில்லை என்று ஃபைனான்ஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். வண்டியை எடுத்துப்போகிற அன்று இதையெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் செய்தது சட்டப்படி சரிதான். ஆனால் அதே 207-வது பிரிவில், அதே பத்தியின் அடியில், இன்னொரு வழியும் எழுதியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாத குற்றம், பர்மிட் இல்லாத குற்றம் என்றால் வண்டிக்குப் பதிலாக ஆர்.சி. புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு அத்தாட்சிச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அப்படிச் செய்திருந்தால் லைசென்ஸ் உள்ள இன்னொரு டிரைவரை வரவழைத்து அன்று ராத்திரியே இலை மண்டபத்துக்குப் போயிருக்கும். அவர் தப்புக்கு அபராதமும் கட்டியிருப்பார். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பதவி உயர்வுப் பயிற்சியில் சட்டப் புத்தகத்தை உட்கார்ந்து வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் அந்த வழியை நான் எத்தனையோ முறை பயன்படுத்தினேன். மற்றவர்கள் பயன்படுத்திப் பார்த்தது ரொம்பக் குறைவு.

பிடித்து வைத்த வண்டிகள் நிற்கிற இடத்தை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு இரும்புக் குப்பை. எனக்கு ஒவ்வொரு வண்டியும் ஒரு வீடு. எங்கள் நிலையத்துப் பின்புறம் ஒரு டி.வி.எஸ். 50 நின்றது. பால்காரர் ஒருவருடையது. கேரியரில் கட்டியிருந்த பால் கேன் அப்படியே இருந்தது, அதன் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. எந்த வழக்கு என்று எழுத்தரிடம் கேட்டேன். அவருக்கு முன்னால் இருந்த எழுத்தருக்குத்தான் தெரியும் என்றார். பக்கத்தில் ஒரு கார். அதன் நான்கு டயரும் மண்ணுக்குள் இறங்கி, பானட் வழியாக ஒரு வேப்பங்கன்று மேலே வந்திருந்தது. மழைக்காலத்தில் பாம்புச் சட்டை கிடக்கும், நாங்களே அந்தப் பக்கம் போகப் பயப்படுவோம்.

இப்படி வண்டிகளைப் போட்டு மக்க வைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. பறிமுதல் செய்த வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் வைத்திருப்பதால் யாருக்கும் பயன் இல்லை, போட்டோ எடுத்து, உரிய பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள், 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடியுங்கள் என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்லித்தான் வக்கீல்கள் இன்றைக்கும் மனுப் போடுகிறார்கள். ஆனால் மனுப் போட வக்கீல் வைக்க வேண்டும், ஜாமீன்தாரர் வேண்டும், இரண்டு மூன்று நாள் கூலியை விட வேண்டும். பழைய டி.வி.எஸ். 50-க்கு அவ்வளவு செலவு செய்ய யாருக்கு முடியும்? வண்டியின் விலையைவிட அதை மீட்கிற செலவு கூடிப்போனால் ஆள் வருவதை நிறுத்திவிடுவார். அந்த மாதிரி நின்றுபோன வண்டிகள்தான் பின்புறம் நிற்பவற்றில் பெரும்பாலும்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே எச்சரிக்கை என்ற பேச்சுக்கே நான் இடம் கொடுத்ததில்லை. ஆனால் அதிலும் ஒன்றை மறந்துவிடுகிறோம். ராத்திரி பதினொரு மணிக்கு ஊருக்கு வெளியே ஒருவரை ஊதச் சொல்லி, வண்டியை எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். பின்னால் உட்கார்ந்து வந்த மனைவியும் தூங்குகிற குழந்தையும் எப்படி வீட்டுக்குப் போவார்கள்? எந்த உத்தரவிலும் அது இல்லை. நாங்கள் ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவோம், பல நேரம் காசும் எங்கள் பையிலிருந்துதான். ஒரு நிலையத்தில் தணிக்கைக்குப் போகும்போதே தெரிந்த ஆட்டோ டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி வைப்போம். அதைக் கற்றுக்கொடுத்த அதிகாரியை இன்றைக்கும் நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன்.

ஒருவரை எச்சரிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான். இருபது பேர் பார்க்க ஒரு ஆளைத் திட்டினால் அவருக்குச் செய்த தப்பு மறந்துபோகும், பட்ட அவமானம்தான் மனதில் நிற்கும். நான் முதலில் என்ஜினை அணைக்கச் சொல்வேன். ஓரமாகப் புளியமரத்து நிழலுக்குக் கூப்பிட்டுப் போவேன். பெயர் என்ன, எந்தத் தெரு, எங்கே போகிறீர்கள் என்று கேட்பேன். தன் பெயரைத் தன் வாயால் சொன்ன பிறகு மனிதர் கொஞ்சம் இறங்கிவருவார். அதற்கப்புறம்தான் தப்பைப் பேச வேண்டும். வயதில் மூத்தவர் என்றால் 'ஐயா', பையன் என்றால் 'தம்பி'. 'டேய்' என்று ஆரம்பித்த எந்த எச்சரிக்கையும் பலித்து நான் பார்த்ததில்லை.

இதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. 'அந்த ஏட்டையா சொன்னாக் கேப்பாங்க' என்று நிலையத்திலேயே சொல்வார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் நான் கெட்டேன்.

2015 தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், பதினாறு வயது, அப்பாவுடைய 150 சி.சி. பைக்கில் வந்தான். சைலன்சரை மாற்றியிருந்தார்கள், அவன் வருவது இரண்டு தெரு தள்ளியே கேட்கும். அந்த வண்டிக்கு லைசென்ஸ் வாங்குகிற வயதே வரவில்லை. 207-ஆவது பிரிவின்படி நான் அந்த இடத்திலேயே வண்டியை எடுத்திருக்கலாம். வயது வராத பிள்ளைக்கு வண்டி கொடுத்ததற்காக அப்பா மேல் 180-வது பிரிவையும் போட்டிருக்கலாம், அன்றைக்கு அதற்கு அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். நான் இரண்டையும் செய்யவில்லை. அவன் அம்மாவை வரச் சொன்னேன். அவர் தீப்பெட்டி ஒட்டுகிற வேலையிலிருந்து கையில் பசையோடு ஓடிவந்தார். 'இனிமே தொடமாட்டான் சார்' என்றார். பையனும் தலை குனிந்து நின்றான். கண்ணீர் வந்தது அவனுக்கு. எச்சரித்து அனுப்பினேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி மேல் அந்தப் பைக் ஏறியது. ஆச்சிக்குத் தொடை எலும்பு முறிந்தது. நான்தான் அங்கே முதலில் போய்ச் சேர்ந்தேன். கட்டுக் கட்டாகக் கிழங்கு ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, கெழங்க யாரும் எடுத்து வச்சாவளா?" என்று கேட்டார். நான் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டேன். அந்தச் சைலன்சரைப் பார்த்ததுமே அது எந்த வண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நிலையத்தில் டீ குடிக்கும்போது போக்குவரத்து ஏட்டு சொன்னார்: "இந்தப் பையனையா? தீபாவளிக்கு முந்தி நான் புடிச்சுச் சத்தம் போட்டு விட்டேனே." ரோந்துக்குப் போகிற இளைஞர் ஒருவர் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு, "போன வாரம் நானும் நிறுத்தினேன் சார். பாவம்னு விட்டுட்டேன்" என்றார். இரண்டரை மாதத்தில் மூன்று பேர். மூன்று பேரும் அதுதான் முதல் தடவை என்று நினைத்தோம். மூன்று பேரிடமும் அவன் அதே மாதிரி அழுதிருக்கிறான். ஒரு வரி எழுதி வைத்திருந்தால், நான் நிறுத்திய அன்று அது இரண்டாவது தடவை என்று எனக்குத் தெரிந்திருக்கும். வண்டியை எடுத்திருப்பேன். ஆச்சி இன்னும் கொஞ்ச வருடம் நடந்து போய் வியாபாரம் செய்திருப்பார்.

குட்டியானைக்காரரிடம் ஆர்.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்க வேண்டும், வண்டியை எடுத்தோம். இந்தப் பையனின் வண்டியை எடுத்திருக்க வேண்டும், எச்சரித்து அனுப்பினேன். இரண்டிலும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அந்த நேரத்து மனநிலை முடிவு செய்தது, அவ்வளவுதான். மேலிடம் கணக்குக் கேட்ட நாளில் வந்தவர் வண்டியை இழந்தார். எனக்கு மனம் இளகியிருந்த நாளில் வந்தவன் தப்பித்தான்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, வண்டி எண், பெயர், அப்பா பெயர், என்ன தப்பு, என்ன சொன்னேன். இடம் போதாது என்று சுருக்கி எழுதுவேன். 'லை.இ.' என்றால் லைசென்ஸ் இல்லை. 'மூ.பே.' என்றால் மூன்று பேர். 'அ.வ.' என்றால் வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போனார்கள். எழுதிவிட்டு அவரிடமே வாசித்துக் காட்டுவேன். 'உங்க பேரை எழுதியிருக்கேன். இன்னொரு தடவை இதே தப்புக்கு வந்தா பேச்சே கிடையாது' என்பேன். வாயால் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள், எழுதுவதைப் பார்த்ததும் முகம் மாறுவதைக் கண்டேன். ஒரு ஆய்வாளர் 'இது எந்த ரெக்கார்டு, யார் எழுதச் சொன்னது' என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எந்தப் பிரிவும் இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர் நோட்டை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிலையத்தில் எல்லோரும் இதிலேயே எழுதுங்கள் என்றார்.

சில வருடம் கழித்துத்தான், இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிற ஊர் உண்டு என்று தெரிந்தது. இங்கிலாந்தில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் லீவில் வந்திருந்தான். அவன் தெருவில் ஒரு பையன் ராத்திரியில் காரை உறுமவிட்டுச் சுற்றுவானாம். ஒரு நாள் போலீஸ் வந்து எச்சரிக்கை கொடுத்தார்கள், அடுத்த தடவை காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். எந்தச் சட்டம் என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். 2002-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டம், 59-வது பிரிவு. அப்போது அதில் இருந்தது இதுதான். ஒருவர் கவனமில்லாமலோ அடுத்தவரை மதிக்காமலோ ஓட்டி, அதனால் மக்களுக்குப் பயமோ மனவேதனையோ தொந்தரவோ வந்தால், சீருடையில் இருக்கிற காவலர் வண்டியை நிறுத்தலாம், எடுத்துக்கொண்டும் போகலாம். ஆனால் எடுப்பதற்கு முன்னால் எச்சரித்திருக்க வேண்டும். எச்சரித்த பிறகும் அதையே செய்தால்தான் வண்டியில் கை வைக்கலாம். எச்சரிக்க வழியே இல்லாத சூழ்நிலைக்கு விலக்கு உண்டு. கடந்த 12 மாதத்துக்குள் ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவர் என்றாலும் மறுபடி எச்சரிக்கத் தேவையில்லை. அது வேறு வண்டியாக இருந்தாலும் சரி, ஆள்தான் கணக்கு. வண்டியைத் திரும்ப வாங்க இழுத்துப்போன செலவையும் வைத்திருந்த நாட்களுக்கான கட்டணத்தையும் கட்ட வேண்டும்.

அவன் ஃபோனில் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் அந்த நாற்பது பக்க நோட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். 12 மாதம் என்ற ஒரு எல்லையை நான் யோசித்ததே இல்லை. எச்சரிக்கைக்கும் ஆயுள் இருக்க வேண்டும், ஒரு தடவை தப்பு செய்தவரை ஆயுள் முழுக்கத் தப்பானவராகப் பார்க்கக் கூடாது என்பது எனக்குப் பட்டது. அன்று முதல் நோட்டில் ஒரு வருடம் தாண்டிய பெயர்களைச் சிவப்பு மையால் அடிக்க ஆரம்பித்தேன். அங்கேயும் பிறகு இந்த ஏற்பாட்டை மாற்றக் கிளம்பினார்கள். 2025-இல் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா, எச்சரிக்கை இல்லாமலே வண்டியை எடுக்க வழி செய்தது. தெருவில் தூக்கமில்லாமல் தவிக்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அவசரம் புரிகிறது. எனக்கு மட்டும் அந்த முதல் எச்சரிக்கையை விட்டுவிட மனசு வரவில்லை.

நம் ஊரில் அபராதம் ஏறிய பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2019 திருத்தத்தின்படியான புதிய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லை என்றால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லை என்றால் 5,000. வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவு பெற்றோரையே குற்றவாளியாக நிறுத்துகிறது. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கட்டட வேலைக்குப் போகிற மனிதரின் இரண்டு நாள் கூலி ஒரு ஹெல்மெட்டில் போகும்போது அவர் கெஞ்சத்தான் செய்வார். நிற்கிற காவலரும் மனிதர்தான், விட்டுவிடத் தோன்றும். விடுவது தப்பில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் அது இரக்கத்தால் விட்டதா, தெரிந்தவர் என்று விட்டதா, கையில் ஏதோ வாங்கிக்கொண்டு விட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்கள் மூன்றாவதைத்தான் நம்புவார்கள். நேர்மையாக விட்ட காவலருக்கும் அந்தப் பெயர்தான் வரும்.

இ-சலான் கருவியில் வண்டி எண்ணைத் தட்டினால் கட்டாத அபராதமெல்லாம் வந்து நிற்கிறது. டிஜிலாக்கரில் இருக்கிற லைசென்ஸை நாம் ஒப்புக்கொள்கிறோம். இவ்வளவு வந்த பிறகு அந்தக் கருவியில் 'எச்சரிக்கை' என்று ஒரு கட்டம் வைப்பது பெரிய காரியமா? அபராதம் இல்லாமல், பணம் இல்லாமல், தேதியும் ஆளும் தப்பும் மட்டும். அடுத்த ஊரில் நிறுத்துகிற காவலருக்கும் தெரிய வேண்டும். ஒரு வருடத்தில் தானாக அழிந்துவிட வேண்டும். இரண்டாவது தடவை வந்தால், சட்டம் இடம் கொடுக்கிற இடத்தில், யோசிக்காமல் வண்டியை எடுக்க வேண்டும். எடுத்த வண்டியை நிழலில் நிறுத்தி, எத்தனை நாளில் எப்படித் திரும்ப வாங்குவது என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு கூட்டங்களில் எழுந்து இதைச் சொல்லிப் பார்த்தேன். குறித்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்ற அன்று நோட்டுகளை (அப்போது ஆறு சேர்ந்திருந்தன) ஒரு இளம் உதவி ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அதை இன்னும் எழுதுகிறார். என் சுருக்கெழுத்துப் புரியாதபோது ஃபோன் பண்ணுவார். போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ பேசுகிற சத்தம்.

"அண்ணே, ஒரு பையன் நிக்கான். உங்க கையெழுத்துல பேரு இருக்கு, பத்து மாசம் ஆகுது. லை.இ. புரியுது. அ.வ.ன்னு போட்டிருக்கீங்களே, அப்பா வந்தாரா, அம்மா வந்தாங்களா?"

பெயரையும் தெருவையும் சொல்லச் சொன்னேன். ஞாபகம் இருந்தது. இட்லிக் கடை வைத்திருக்கிறவர். கையில் மாவோடு வந்தார்.

"அம்மாதான் தம்பி" என்றேன். "என்ன சொன்னாங்க இப்போ?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இப்பவும் அவங்கதான் வந்திருக்காங்க. விட்டுருங்கன்னு கேக்காங்கண்ணே."

நான் பேசவில்லை. அவரே, "ஆர்.சி.ய மட்டும் வாங்கிட்டு விடலாம்னு நீங்க சொல்லுவீங்கள்லா, அது இதுக்குச் சரியா வருமா?" என்றார்.

"பையன் வயசு என்ன?"

"பதினேழு."

"வண்டி நிக்கட்டும்" என்றேன். "அந்தம்மாவுக்கு ஆட்டோ பிடிச்சுக் கொடுத்துருங்க."